பூசணம் பிடித்த கரும்பு மூளையைத் தாக்கும்! வல்லாரை காப்பாற்றுமா? மைசூர் ஆராய்ச்சியில் தெரிந்தது என்ன?

கரும்பைக் கடித்த குழந்தை சில மணி நேரத்தில் மயங்கி விழுகிறது. கண் மேலே சொருகுகிறது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கின்றன. பிழைத்து எழுந்தாலும் நிம்மதி இல்லை. சில வாரங்களில் கழுத்தும் கையும் முறுக்கிக்கொண்டுவிடுகின்றன.

இது கதை அல்ல. சீனாவின் வடக்கு மாகாணங்களில் 1972-ம் ஆண்டு முதல் 1989-ம் ஆண்டு வரை நடந்தது. அந்த 18 ஆண்டுகளில் 884 பேர் இப்படி பாதிக்கப்பட்டார்கள். 88 பேர் பலியானார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறுசுகள்.

அந்தக் கரும்பில் யாரும் விஷம் வைக்கவில்லை. கரும்பில் பூத்த பூசணம்தான் விஷம் வைத்தது.

அதே விஷத்தை மைசூரில் விஞ்ஞானிகள் சுண்டெலிக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு முன்பே வல்லாரைச் சாரத்தை ஊட்டி வைத்திருந்தார்கள். எலிகளின் மூளை தப்பியது!

வல்லாரை என்றால் நம் வீட்டுத் துவையலில் அரைக்கும் அதே கீரைதான்.

இது பற்றிய விவரம் வருமாறு:-

குளிர்காலக் கரும்பு

சீனாவில் கரும்பு விளைவது தெற்கே. குவாங்சி, குவாங்டங் போன்ற வெப்பமான மாகாணங்களில். அங்கே வெட்டிய கரும்பை வடக்கே அனுப்புவார்கள்.

வடக்கே எலும்பை நடுக்கும் குளிர். கரும்பு மாதக்கணக்கில் அங்கே அடுக்கிக் கிடக்கும். குளிரில் உறையும். வெயில் எட்டிப் பார்த்ததும் உருகும். உறைந்து உருகிய கரும்புக்குள் பூசணம் சுலபமாகப் புகுந்துவிடும். நன்றாக முற்றாத, இனிப்பு குறைந்த கரும்பு என்றால் இன்னும் சுலபம்.

அந்தக் கரும்பு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெருவில் விற்பனைக்கு வரும். பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிக் கடிப்பார்கள். அந்த மாதங்களில்தான் ஆஸ்பத்திரிக்கு இந்த நோயாளிகள் வந்தார்கள்.

முதலில் வாந்தி, தலைசுற்றல், வயிற்றுவலி. "ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று பெற்றவர்கள் நினைத்திருப்பார்கள். யாருக்குத்தான் வேறு நினைப்பு வரும்? பிறகு வலிப்பு. அப்புறம் நினைவு தப்பும்.

நினைவு திரும்பிய பிள்ளைகளில் சிலருக்கு, இரண்டு வாரமோ ஒரு மாதமோ கழித்து இன்னொரு இடி விழுந்தது. பேச்சு குழறியது. கை, கால்கள் தாமாகவே திருகிக்கொண்டன. மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். நடு மூளைக்கு அருகே இரண்டு பக்கமும், உடம்பின் அசைவைக் கட்டுப்படுத்தும் இடத்தில் மட்டும் கறுப்பாகத் திட்டு விழுந்திருந்தது. மற்ற இடம் பெரும்பாலும் நன்றாகவே இருந்தது.

காரணம் என்ன என்று சீன விஞ்ஞானிகள் துருவினார்கள். 1980-களில் விடை கிடைத்தது. அழுகிய கரும்பில் 'ஆர்த்ரீனியம்' என்ற பூசணம் இருந்தது. அது சுரக்கும் விஷத்தின் பெயர் 3-நைட்ரோபுரோப்பியானிக் அமிலம். வாயில் நுழையாத பெயர். "3-என்.பி." என்று சுருக்கமாக வைத்துக்கொள்வோம்.

கள்ளச் சாவி

இந்த விஷம் செய்யும் வேலை பயங்கரமானது.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அடுப்புகள் எரிகின்றன. 'மைட்டோகாண்ட்ரியா' என்று பெயர். சாப்பிட்ட சோற்றைச் சக்தியாக மாற்றுவது இந்த அடுப்புகள்தான். அடுப்பில் ஒரு முக்கியமான என்சைம் உண்டு. சக்சினிக் அமிலம் என்ற பொருள் அதில் வந்து பொருந்தினால்தான் வேலை ஓடும். பூட்டும் சாவியும் மாதிரி.

3-என்.பி.க்கு அந்தச் சாவியின் அச்சு அசல் உருவம். பூட்டுக்குள் நுழைந்துவிடும். நுழைந்ததோடு சரி, மறுபடி வெளியே வராது. பூட்டுக்குள் சாவி ஒடிந்தால் என்ன ஆகும்? அதேதான் ஆகிறது. அடுப்பு அணைகிறது.

உடம்பு எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆனால், உடம்பு செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 பங்கை அது ஒன்றே விழுங்கிவிடும். எனவே, அடுப்பு அணைந்தால் முதலில் பட்டினி கிடப்பது மூளை. அதிலும் அசைவைக் கட்டுப்படுத்தும் அந்தப் பகுதி பட்டினியைத் தாங்காது.

அத்துடன் முடியவில்லை. பாதி அணைந்த விறகு அடுப்பு எப்படிப் புகையும்? அது மாதிரி, முடங்கிய மைட்டோகாண்ட்ரியாவும் ஒரு வகைப் 'புகை'யைக் கக்கும். ஆக்சிஜனில் இருந்து பிறக்கும் முரட்டு அணுக்கூட்டங்கள் அவை. அக்கம்பக்கத்தில் உள்ள கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் அரித்துவிடும்.

மூலிகைகள் கைகொடுப்பது பெரும்பாலும் இந்தப் புகை விஷயத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மைசூரில் சோதனை

மைசூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 'சி.எப்.டி.ஆர்.ஐ.' என்றால் உணவு வியாபாரிகள் பலருக்குத் தெரியும். அங்கே ஷினோமோல், முரளிதரா என்ற இரண்டு விஞ்ஞானிகள் இந்தச் சோதனையைச் செய்தார்கள். முடிவு 2008-ம் ஆண்டு 'நியூரோடாக்சிகாலஜி' என்ற பத்திரிகையில் வந்தது.

அவர்கள் எடுத்துக்கொண்டது வயதுக்கு வராத இளம் சுண்டெலிகளை. சீனாவில் பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகளே அதிகம் என்பதை நினைத்துப் பார்த்தால், எலியின் வயது முக்கியம் என்பது புரியும்.

சில எலிகளுக்கு வெறும் விஷம். மூளையின் பல பகுதிகளில் 'புகை' கிளம்பியது. மைட்டோகாண்ட்ரியா தடுமாறியது. எதிர்பார்த்ததுதான்.

வேறு சில எலிகளுக்குப் பல நாள் முன்பிருந்தே வல்லாரை இலைச் சாரம் கொடுத்தார்கள். தண்ணீரில் எடுத்த சாரம். அதற்கு அப்புறம் விஷம். அந்த எலிகளின் மூளையில் அரிப்பு அடங்கியிருந்தது. 'குளூட்டாதியோன்' என்று ஒரு பொருள் இருக்கிறது. செல்லுக்குள் புகையைத் துடைக்கும் துடைப்பம் என்று சொல்லலாம். அது குறையாமல் நின்றது. மைட்டோகாண்ட்ரியாவின் வேலையும் கெடாமல் தப்பியது.

அதே ஆராய்ச்சிக்கூடம் பிறகு நீர்ப்பிரம்மியையும் இதே விஷத்துக்கு எதிராக நிறுத்திப் பார்த்தது. அதுவும் நல்ல பலன் தந்தது. (இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். வடக்கே வல்லாரையையும் 'பிராமி' என்பார்கள், நீர்ப்பிரம்மியையும் 'பிராமி' என்பார்கள். இரண்டும் வேறு வேறு செடி. நாட்டு மருந்துக் கடையில் கேட்கும்போது தமிழ்ப் பெயர் சொல்லிக் கேட்டால் வம்பு இல்லை.)

சண்டிகாரில் மஞ்சள்

சண்டிகாரில் உள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்திலும் இதே விஷத்தை வைத்து ஆராய்ச்சி நடந்தது. அவர்கள் நோக்கம் கரும்பு அல்ல; ஹண்டிங்டன் நோய்.

அது பரம்பரையாக வரும் கொடிய நோய். கை, கால் கட்டுப்பாடின்றி ஆடும். அந்த நோயில் சிதைவதும் மூளையின் அதே பகுதிதான். ஆகவே, எலிக்கு 3-என்.பி. கொடுத்தால் ஏறக்குறைய அதே நோயை உண்டாக்கி மருந்து தேடலாம். உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்கூடங்கள் இப்படிச் செய்கின்றன. பிள்ளைகளைக் கொன்ற விஷம், இன்று மருந்து தேடும் கருவி!

சண்டிகாரில் 2007-ம் ஆண்டு மஞ்சளில் உள்ள 'குர்குமின்' கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ம் ஆண்டு அமுக்கரா கிழங்கின் சாரத்தைக் கொடுத்த சோதனையின் முடிவு வெளியானது. இரண்டிலும் எலிகளின் நடையும் ஞாபகசக்தியும் விஷத்தால் கெட்ட அளவு குறைந்தது.

"அப்படியானால் தினமும் மஞ்சள் பால் குடித்தால் போதுமே!" என்று கிளம்பிவிட வேண்டாம்.

குர்குமின் வயிற்றில் இருந்து ரத்தத்தில் சேர மறுக்கும் பொருள். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்த சோதனை ஒன்று 1998-ம் ஆண்டு வெளிவந்தது. மனிதர்களுக்கு 2 கிராம் குர்குமின் தனியாகக் கொடுத்தபோது ரத்தத்தில் அதைக் காண்பதே அரிதாக இருந்தது. கூடவே மிளகில் உள்ள 'பைப்பரின்' 20 மில்லிகிராம் சேர்த்தபோது, ரத்தத்தில் சேரும் அளவு பல மடங்கு உயர்ந்தது. 2000 சதவீதம் என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள்.

ரசத்தில் மஞ்சளும் மிளகும் ஒன்றாகக் கொதிப்பது நல்லதுதான். ஆனால், ஒரு குவளை ரசத்தில் 2 கிராம் குர்குமின் கிடையாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளில்கூட அதில் சிறு பங்குதான் இருக்கும்.

கேள்வி இதுதான்

இப்போது தலைப்பில் உள்ள கேள்விக்கு வருவோம். வல்லாரை காப்பாற்றுமா?

எலியைக் காப்பாற்றியது. எப்போது? விஷத்துக்கு முன்பே பல நாள் கொடுத்து வைத்திருந்தபோது. எவ்வளவு விஷம், எந்த நாள், எந்த நேரம் என்று எல்லாம் விஞ்ஞானியின் கையில் இருந்தது.

தெருவில் கரும்பு வாங்கும் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவன் கடிக்கும் துண்டில் எவ்வளவு விஷம் என்று யாருக்குத் தெரியும்? பத்து நாள் வல்லாரை தின்றுவிட்டா கரும்பு தின்னப் போகிறான்?

மனிதர்களுக்கு விஷத்தைக் கொடுத்து மூலிகையைச் சோதிக்கவும் முடியாது. எனவே, எலியிடம் கண்டதை வைத்துக்கொண்டு, "எங்கள் மாத்திரை மூளையை விஷத்தில் இருந்து காக்கும்" என்று டப்பாவில் அச்சடித்தால் நம்பக் கூடாது. அப்படி அச்சடிக்க ஆள் இல்லாமலும் இல்லை.

சாரத்தைக் கெட்டியாக்கி மாத்திரையாக விற்பதில் வேறு ஆபத்தும் உண்டு. அர்ஜென்டினா நாட்டில் வல்லாரை மாத்திரை சாப்பிட்டு வந்த 3 பெண்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்ததாக 2005-ம் ஆண்டு டாக்டர்கள் எழுதினார்கள். மாத்திரையை நிறுத்தியதும் குணமானார்கள். பாட்டி அரைக்கும் துவையல் வேறு, டப்பா மாத்திரை வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'செடியில் இருந்து வந்தது, ஆகவே நல்லது' என்ற பேச்சு எங்கும் கேட்கிறது. குருக்கத்தி என்றும் மாதவி என்றும் நம் புலவர்கள் பாடிய பூங்கொடி ஒன்று உண்டு. அழகான வெள்ளைப் பூ, நல்ல வாசம். அதன் வேர்ப்பட்டையில் உள்ள 'ஹிப்டாஜின்' என்ற பொருளை உடைத்தால் கிடைப்பது என்ன தெரியுமா? இதே 3-என்.பி. விஷம்! காக்கும் மூலிகையும் செடிதான். கொல்லும் விஷமும் செடியில் இருக்கிறது.

வான்கோழிகள் செத்தன

பூசணம் என்றால் வயிறு வலிக்கும், அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருந்த காலம் உண்டு. 1960-ம் ஆண்டு அந்த நினைப்பு உடைந்தது. இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் திடீர் திடீர் என்று செத்தன. அவை தின்றது பிரேசில் நாட்டில் இருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கு. பிண்ணாக்கில் பூசணம். அதன் விஷத்துக்கு 'அப்ளாடாக்சின்' என்று பெயர் வைத்தார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 1974-ம் ஆண்டு ராஜஸ்தான், குஜராத் எல்லையில் உள்ள ஆதிவாசி கிராமங்களில் காலம் தப்பிப் பெய்த மழையில் மக்காச்சோளம் நனைந்து பூசணம் பூத்தது. ஏழைகள் என்ன செய்வார்கள்? அதைத்தான் தின்றார்கள். ஐதராபாத் தேசிய உணவூட்ட ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அங்கே போய் ஆராய்ந்தார்கள். 397 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. 106 பேர் பலி. அதே சாப்பாட்டைத் தின்ற நாய்களும் செத்தன.

அது கல்லீரலைத் தாக்கியது. கரும்புப் பூசணம் மூளையைத் தாக்குகிறது. இடம்தான் வேறு.

இளநீரிலும்!

"சீனாக்காரன் கரும்பு எங்கேயோ இருக்கு. நமக்கென்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி.

டென்மார்க் நாட்டில் 60 வயதைத் தாண்டிய ஒருவர் தேங்காய்த் தண்ணீர் குடித்தார். மட்டையைச் சீவி, குழல் போட்டுக் குடிக்கத் தோதாகக் கடையில் விற்ற காய். அதைக் குளிரில் வைக்க வேண்டும். ஆனால், ஒரு மாதமாகச் சமையல் அறை மேஜை மீதே இருந்திருக்கிறது.

ஒரு வாய் உறிஞ்சினார். நாற்றம், கெட்ட ருசி. உடனே நிறுத்திவிட்டார். காயைத் திறந்து பார்த்தால் உள்ளே வழவழ என்று அழுகல்.

குடித்தது கொஞ்சம்தான். சில மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நினைவு குழம்பியது. மூளை வீங்கியது. சுமார் ஒரு நாளில் உயிர் போய்விட்டது. காயைச் சோதித்தபோது அகப்பட்டது அதே ஆர்த்ரீனியம் இனப் பூசணம், அதே 3-என்.பி. விஷம். டாக்டர்கள் இதை 2021-ம் ஆண்டு மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

நம் ஊர் இளநீர்க்காரர் கண் எதிரே காயைச் சீவிக் கொடுக்கிறார். முழு மட்டையோடு மரத்தில் இருந்து இறங்கிய காய். அதற்கும் டென்மார்க் காய்க்கும் வித்தியாசம் உண்டு. அதனால் இளநீருக்கு யாரும் பயப்பட வேண்டாம். ஆனால், மட்டை சீவி, பிளாஸ்டிக் தாள் சுற்றிப் பெரிய கடைகளில் வைத்திருக்கும் காய் இப்போது இங்கும் வந்துவிட்டது. அது குளிர்பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். வீட்டிலும் குளிரிலேயே வைக்க வேண்டும். வாய் வைத்ததும் ருசி மாறி இருந்தால், "காசு கொடுத்தது ஆச்சே" என்று விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

வாங்கும்போது பாருங்கள்

பொங்கல் கரும்பு வயலில் இருந்து வந்த சில நாளில் தீர்ந்துவிடுகிறது. சீனாவைப் போல மாதக்கணக்கில் உறைந்து கிடப்பதில்லை. அது பெரிய வித்தியாசம். ஆனாலும், விற்காமல் தங்கிய கட்டு, ஈரச் சாக்குப் போட்டு மூடிய கரும்பு, மூலையில் கிடந்த அடிக்கரும்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

நல்ல கரும்பைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வெளுப்பாக, சாறு பளபளக்கும். கெட்ட கரும்பு உள்ளே பழுப்பாகவோ சிவப்பாகவோ இருக்கும். சீனாவில் இதற்குச் 'சிவந்த நெஞ்சுக் கரும்பு' என்றே பெயர். புளித்த வாடை, கள் வாடை அடிக்கும். வெட்டிய முனையில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கும். கழி தொய்ந்து போயிருக்கும்.

நம் விவசாயிகளுக்குத் தெரிந்த 'செவ்வழுகல்' நோயிலும் கரும்பு உள்ளே சிவக்கும். நடு நடுவே வெள்ளைத் திட்டு இருக்கும். அது வேறு பூசணம். வீட்டில் பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது. எதுவானாலும் கடிக்க வேண்டாம்.

"என்ன அண்ணே, உள்ளே செவப்பா இருக்கு?" என்று கேட்டால், "வெயில்ல வாடியிருக்கும்மா, அந்த இடத்தை மட்டும் சீவிட்டுக் குடுக்கறேன்" என்பார் கடைக்காரர். அவர் மனதில் வஞ்சம் இல்லை. ஆனால், பூசணத்தின் நிறம் தெரியாத இடத்துக்கும் விஷம் பரவியிருக்கலாம். சீவினால் போகாது. சாறு பிழிந்தாலும் போகாது. இந்த விஷம் தண்ணீரில் கரையும், சாற்றோடு டம்ளருக்கே வந்துவிடும். இஞ்சியும் எலுமிச்சையும் சேர்த்தால் வாடை மறையும், விஷம் மறையாது. ஜூஸ் கடையில் நிற்பவர்கள், மெஷினுக்குள் போகும் கழியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம்.

இந்த விஷத்துக்கு மாற்று மருந்து இல்லை. ஆஸ்பத்திரியில் வலிப்பை அடக்குவார்கள். மூளை வீக்கத்தைக் குறைக்கப் பார்ப்பார்கள். மூச்சுக்கு உதவி செய்வார்கள். கெட்ட கரும்பு தின்ற பிள்ளை வாந்தி எடுத்தால், கைவைத்தியம் பார்த்து நேரத்தைக் கடத்தாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தின்ற மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். டென்மார்க்கில் விஷம் எது என்று கண்டுபிடிக்க உதவியதும் அந்த மிச்சக் காய்தான்.